கசெட்டுக்கு அடித்த ஸ்பிறே

கட்டிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஒரு கசெட் கிடக்கிறது. வலது கையில் பென்சில். இடது கையில் ரோசாப்பூ நிறத்தில் ஒரு ஸ்பிறே டின். அறைக் கதவுக்குக் கொண்டி போட்டிருக்கிறேன். யன்னலையும் சாத்திவிட்டேன். புழுக்கம் தாங்க முடியவில்லை. ஆனாலும் திறக்கமாட்டேன்.

பென்சிலைக் கசெட்டின் ஓட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். கபில நிற நாடா கொஞ்சம் நகருகிறது. டின்னைக் கிட்டக் கொண்டுபோய் ஓர் அழுத்து. ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மறுபடியும் ஒரு சுற்று, மறுபடியும் ஓர் அழுத்து. நாடா முழுவதும் மறுபக்கம் போய்ச் சேரும் வரைக்கும் இப்படியே செய்கிறேன். விரலெல்லாம் நனைந்து குளிர்ந்துபோகிறது.

இருபத்து மூன்று வயதுப் பெண் செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். அன்றைக்கு எனக்கு அது மிகவும் கெட்டித்தனமான வேலையாகத்தான் பட்டது. என்னை விட மூளைக்காரி இந்தக் கல்முனையில் இல்லை என்றுகூட நினைத்தேன்.

சென்ற கிழமை இந்தத் தொடரை, கலியாணம் முடித்து ஏழாம் மாதம் என் கணவர் சவூதிக்கு விமானம் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். சம்மாந்துறையிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. என்ன செய்வது சகோதரி? சமைத்தேன், தின்றேன், படுத்தேன். அதற்கு மேல் நானாக யோசித்துச் செய்த காரியம் இந்த ஒன்றுதான். அதுவும் உருப்படவில்லை.

என்ன பழம் அது?

டின் வந்தது எண்பதுகள் தொடங்கிய காலம். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவரோடு ஒரே அறையில் இருந்த மருதமுனை ஹனீபா காக்கா இரண்டு மாத லீவில் வந்தார். ஆறேழு வீட்டுப் பார்சலைச் சுமந்துகொண்டு வந்த மனிதர், எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

வாப்பாவுக்கு ஒரு சாரன். உம்மாவுக்கு ஒரு பிடவை. எனக்கென்று ஒரு துண்டுத் துணியில் சுற்றி இந்த டின்.

டின்னில் ஒரு பழத்தின் படமும் அதற்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் பூவும் இருந்தன. பழம் பாதி மஞ்சள், பாதி சிவப்பு. நடுவில் ஒரு கீறல்.

"மாம்பழம்" என்றார் வாப்பா.

"மாம்பழத்துக்கு எங்க நடுவுல கீறல் இரிக்கி? இது அப்பிள்" என்றார் உம்மா.

பார்சல் வந்த மணம் பிடித்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சபியா ராத்தா டின்னை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் இல்ல. இது அரபுநாட்டுப் பழம். நம்மட வாய்க்குப் பேர் வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது பீச் என்று எனக்குத் தெரிய வந்தது பல வருஷம் கழித்து, கொழும்பில் ஒரு கடையில். விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டு வந்தேன்.

பேர் தெரியாவிட்டால் என்ன, வாசம் தெரிந்தது. முதலில் பழுத்த ஜம்புப் பழத்தைக் கடித்த மாதிரி ஓர் இனிப்பு. அது அடங்கிய பிறகு மெல்ல ஒரு பூ வாசம். மல்லிகை என்றும் சொல்ல முடியாது, ரோசா என்றும் சொல்ல முடியாது. அத்தரைப் போல் தலைக்கு ஏறாது. கிட்ட வந்தால்தான் தெரியும். கிட்ட வருவதற்குத்தான் ஆள் இல்லை.

கூட வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. 'இது பெருநாளைக்கு எடுத்து வைக்கிற சாமான் இல்லை. ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டுப் போடுகிறது. இங்கே எல்லாரும் அப்படித்தான்.'

உம்மா அதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார். "ஒவ்வொரு நாளுமா? நம்மெல்லாம் என்ன ராசா வீட்டுப் புள்ளைகளா?"

வாசத்துக்கென்று ஒரு நாள்

உம்மா சொன்னதில் பிழையில்லை. எங்களுக்கு வாசம் என்பது நாள் பார்த்து வருகிற ஒன்று. கலியாண வீட்டில் பன்னீர் தெளிப்பார்கள். மௌலூது ஓதும்போது சாம்பிராணி போடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது வாப்பா பஞ்சில் அத்தர் தொட்டுக் காது மடலுக்குள் வைத்துக்கொள்வார். மய்யித்துக்குக் கற்பூரம். இதைத் தவிர்த்த நாளெல்லாம் கடல் காற்றும் கருவாடும், அறுவடைக் காலத்தில் வாப்பாவின் உடம்போடு வருகிற வைக்கோல் தூசியும்தான். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வாசம் போடுகிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை.

அதில் ஒரு கதை. டின்னுக்குள் சாராயம் கலந்திருக்கும் என்று எவரோ வாப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். மனிதருக்கு நித்திரை போய்விட்டது. டின்னைத் துணியில் சுற்றிக்கொண்டு பள்ளிவாசல் லெப்பையிடம் போனார். லெப்பை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் மணிக்கட்டில் ஓர் அழுத்து அழுத்தி, முகர்ந்து, "இது ஆம்பிளைகளுக்கும் வருதா?" என்று கேட்டாராம். வாப்பா திரும்பி வந்து டின்னை என் கையில் தந்தார். உம்மா மட்டும் தொழப் போகும்போது சட்டையை மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார்.

என் கணவர் சொன்னபடி ஒவ்வொரு நாளும் போட்டேன். முதல் கிழமை யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டேன். எட்டாம் நாள், தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனபோது சபியா ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னகா புள்ள, மாப்பிள சவூதியில. ஆருக்குப் போடுற இந்த வாசம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கெட்ட மனுசியும் இல்லை. ஆனால் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாளியைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வாசம் பூசிக்கொண்டு வெளியில் போகக் கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதில் எனக்கு வாதமில்லை. வீட்டுக்குள் மாப்பிள்ளைக்காகப் போடலாம், அது நல்லது என்றும் சொல்லித் தந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்குள் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து யன்னலைச் சாத்திக்கொண்டேன். பகல் குளித்துவிட்டு வந்து, ஒரே ஓர் அழுத்து. பிறகு அவர் படுக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அரை மணித்தியாலம் வாசம் நிற்கும். அது போன பிறகு எழும்பிப் போய்த் தேங்காய் துருவுவேன். இதுதான் அப்போது என் குடும்ப வாழ்க்கை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எல்லாரும் கதைக்கிற கசெட்

என் கணவர் பாலமுனைக்காரர், மேசன். அவர் கட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்கத் தேவையில்லை. எழுத்து வாசிப்பு மட்டும் வராது. தகப்பன் மௌத்தாகிப் பள்ளிக்கூடத்தை விட்டு, சின்ன வயதிலேயே மேசன் கரண்டி பிடித்தவர்.

அதனால் நான் எழுதுகிற கடிதத்தை அங்கே ஹனீபா காக்காதான் அவருக்கு வாசித்துக் காட்டுவார். அவர் சொல்லச் சொல்ல ஹனீபா காக்காதான் பதிலும் எழுதுவார். தங்கமான மனிதர். அதற்காக, ஓர் அந்நிய ஆம்பிளை சத்தமாக வாசிக்கப் போகிற கடிதத்தில் நான் என்னத்தை எழுதுவது? இங்கு எல்லாரும் சுகம். மழை பெய்தது. மாடு கன்று போட்டது. ஒரே கன்றை இரண்டு கடிதத்தில் போட வைத்திருக்கிறேன்.

கசெட் வந்ததும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இனி என் குரலை அவரே கேட்பார் அல்லவா? அந்த நம்பிக்கைக்கும் ஆயுசு இல்லை.

கசெட் பதிவது எங்கள் ஊரில் ஒரு சின்னக் கலியாணம். பாலமுனையிலிருந்து மாமி, தன் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். சபியா ராத்தா வேலைகளை விட்டுவிட்டு வருவார். என் கணவர் அனுப்பிய கசெட் றேடியோவை நடு வீட்டில் பாயில் வைத்து, எல்லாரும் சுற்றி உட்காருவோம். முதலில் வாப்பா, குத்பா ஓதுகிற குரலில் ஸலாம் சொல்லி நெல் விளைச்சலைச் சொல்வார். பிறகு உம்மா அழுவார். மாமி அழுவார். மதினிமார் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, "காக்கா, எங்கட வீடு எப்ப?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கடைசியில் நாடா முடியப் போகும்போது, "அவளும் ஒரு சொல்லு கதைக்கட்டும்" என்று றேடியோவை என் பக்கம் திருப்புவார்கள்.

நான் ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொன்னேன். "நான் சுகம். உங்கட சுகம் எப்புடி? நேரத்துக்குச் சாப்பிடுங்க. மறுகா என்ன, ஸலாம்."

சுற்றிப் பதினொரு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன வரும்? சபியா ராத்தாவுக்கு ஒரு கண் தெரியாது. மற்றக் கண்ணே போதும்.

அந்தப் பக்கமும் இதே கதைதான். அறைக்கு எட்டுப் பேர், றேடியோ ஒன்று. ஊரிலிருந்து கசெட் வந்தால் எட்டுப் பேரும் சுற்றி இருந்து கேட்பார்களாம். ஒருவன் வீட்டுக் குரல் எல்லாருக்கும் வீட்டுக் குரல்.

இப்போது அந்த மதினிமாரின் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்ணுக்கு ஒரு வீடு கட்டாமல் கலியாணம் இல்லை. தகப்பன் இல்லாத பெண்களுக்குக் கூடப்பிறந்தவன்தான் கட்ட வேண்டும். என் வீடு என் வாப்பா கட்டித் தந்தது. என் கணவர் சவூதிக்குப் போனது எனக்காக அல்ல, தன் இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்ட.

அவருடைய இரண்டு வருஷ அக்ரிமெண்ட் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. முடிந்தால் வீட்டுக்கு வரலாம். அல்லது லீவும் எடுக்காமல், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அங்கேயே சைன் வைக்கலாம். மாமிக்கு இரண்டாவதுதான் விருப்பம். மூத்த மதினியின் வீடு அத்திவாரத்தோடு நின்றது, மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள்.

எனக்கு அவர் வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் என் வாப்பா கட்டிய வீட்டுக்குள் சுகமாக இருந்துகொண்டு, இன்னொரு பெண்ணின் வீடு பிறகு பார்க்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? தங்கச்சிக்கு வீடு கட்ட விடாத பொண்டாட்டி என்று ஒரு பேர் வந்தால், அந்தப் பேரோடுதான் மண்ணுக்குள் போக வேண்டும். அதனால் அவருடைய காதில் மட்டும் விழ வேண்டும், வேறு ஒரு காதிலும் விழக் கூடாது.

என்னுடைய பக்கம்

வாப்பா சவளக்கடையில் அறுவடைக்குப் போயிருந்த நாள். உம்மா ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மூன்று மணித்தியாலம் கிடைத்தது.

புதுக் கசெட்டைப் போட்டு இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன்.

"இஞ்சருங்க, பக்கத்துல ஆராவது இரிக்காங்களா? இருந்தா இதோட நிப்பாட்டுங்க."

அவர் நிப்பாட்டுவதற்கு நேரம் கொடுக்க வேண்டுமே என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு கதைத்தேன்.

"வந்திருங்க. தங்கச்சிக்கு வீடு கட்ட வேணாமெண்டு நான் சொல்லல்ல. இஞ்ச இருந்து கட்டுங்க. சுணங்கினாலும் கட்டலாம். நானும் சேர்ந்து கல்லுத் தூக்குறன். ரெண்டு வருசம் பொறுத்துட்டன், இன்னும் ரெண்டு வருசம் எனக்கு ஏலா. உங்கட முகம் எனக்கு மறந்து போகுது. போட்டோவுல இரிக்கிற முகம்தான் வருது. கதைக்கிற முகம் வருகுதில்ல. சைன் வெச்சிராதீங்க."

இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அதையெல்லாம் அச்சில் போட முடியாது. கலியாணம் முடித்து ஏழு மாதம் மட்டும் ஒன்றாக இருந்தவர்கள், நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பிப் போட்டுக் கேட்டேன். எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. கடையில் விலை பேசுகிற பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. கெஞ்சுகிறேன் என்று நினைத்துக் கதைத்த இடமெல்லாம் சண்டை பிடிக்கிற மாதிரிக் கேட்டது. இதைக் கேட்டு எந்த ஆம்பிளை விமானம் ஏறுவான்?

அப்போதுதான் டின்னைப் பார்த்தேன்.

கடிதத்தில் அடித்தால் வாசம் நிற்காது, போய்ச் சேர முந்திப் பறந்துவிடும். நாடா அப்படி இல்லை. சுற்றுக்குள் சுற்றாக இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அடித்துவிட்டால் வாசம் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும், அவர் கேட்கக் கேட்க அவிழ்ந்து வரும். என் குரல் சரியில்லாவிட்டாலும் வாசமாவது ஒரு வார்த்தை சொல்லும். அப்படித்தான் யோசித்தேன். பாதி டின் இருந்தது, முழுவதையும் நாடாவுக்கே கொடுத்தேன்.

பிறகு ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். படலை திறக்கிற சத்தம் கேட்டது. உம்மா வந்துவிட்டார். அவசரமாகக் கசெட்டைப் பெட்டிக்குள் போட்டு, ஒரு துண்டுத் துணியில் சுற்றி, அலுமாரிக்குள் தள்ளினேன்.

லீவு முடிந்து ஹனீபா காக்கா பயணம் சொல்ல வந்தபோது, உம்மா தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் பார்த்துக் கொடுத்தேன். "அவர்ட கையில மட்டும் குடுங்க காக்கா." வாசம் அவர் மூக்குக்கும் போயிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்க்காமல், "ஓம் தங்கச்சி" என்று பையின் அடியில் வைத்தார்.

மாமி கொண்டுவந்த செய்தி

இரண்டு மாதம் பார்த்திருந்தேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். சட்டிகூட ஒரு முறை உடைந்தது. உம்மா என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

செய்தி தபாலில் வரவில்லை. மாமி ஒரு காலைப் பஸ்ஸில், கையில் தொதல் பொட்டலத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மகள், புள்ள சைன் வெச்சிட்டானாம். லீவுக்கும் வராம நிக்கானாம். மூத்தவள்ட வீடு இந்த வருசம் கூரை ஏறிரும். அல்ஹம்துலில்லாஹ்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பை ஊதினேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து எனக்குக் கடிதம் வந்தது, ஹனீபா காக்காவின் எழுத்தில். சைன் வைத்த செய்தி. அதற்குக் கீழே, 'நீ தனியாக அனுப்பிய கசெட் ஓடவில்லை. நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கிறது. போட்டால் மெசினுக்குள் சிக்குகிறது. என்ன கதைத்தாய் என்று தெரியாது. ஆனால் நல்ல வாசம். றூமில் எல்லாரும் என்ன வாசம் என்று கேட்டார்கள்.'

அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. பழமும் பூவும் போட்ட அந்தத் தண்ணீர் என் நாடாவைத் தின்றுவிட்டது. ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியும், எந்திரச் சாமானில் ஈரம் படக் கூடாது என்று. கெட்டிக்காரிக்குத் தெரியவில்லை. வா என்று கூப்பிட வாய் திறந்தவள், தன் கையாலேயே அந்த வாயைப் பொத்திக்கொண்டேன்.

இன்னொரு கசெட் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சைன் வைத்த மனிதனிடம் வா என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? வரவும் முடியாது, அங்கே நிம்மதியாக நிற்கவும் முடியாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வெறும் டின்னை எறியப் போனேன். உம்மா விடவில்லை. வடிவான டின் என்று கழுவி, கண்ணாடி அலுமாரியில் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்து, "மாப்பிள அனுப்பினதா?" என்று கேட்பார்கள். ஓம் என்பேன்.

அடுத்த இரண்டு வருஷத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இரண்டு நோன்பு வந்தது, நாலு பெருநாள் வந்தது. என்னோடு குர்ஆன் ஓதியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெருநாளைக்கு வந்து, என் மடியில் கொஞ்ச நேரம் இருத்திவிட்டு, திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நினைப்புத்தான். அந்த டின்னைத் தொடாமல் விட்டிருந்தால் அவர் கேட்டிருப்பார். கேட்டிருந்தால் வந்திருப்பார். அப்படி நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரே அறையில் இரண்டு பேர்

போய் நாலு வருஷத்தில் வந்தார். கறுத்திருந்தார். முன் தலையில் முடி போய்விட்டது. முதல் இரண்டு நாள் அவர் எனக்கு விருந்தாளி மாதிரி, நான் அவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி. ஒரு கிழமை போன பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைத்தோம். மூத்த மதினியின் வீடு முடிந்து கலியாணமும் நடந்தது. வீடு நல்ல வீடு. நானும் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன், பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் பகல் சாப்பிட்டுவிட்டு, சூட்கேசின் அடியிலிருந்து ஒரு கைலேஞ்சியை எடுத்து விரித்தார். உள்ளே அந்தக் கசெட்.

"ஞாபகமிரிக்கா?"

வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். தோல் சூட்கேசின் நாற்றம்தான் அடித்தது.

"ஆறு மாசம் வாசம் நிண்டிச்சி" என்றார். "தலகணிக்குக் கீழ வெச்சிருந்த."

"ஓடாத கசெட் என்னத்துக்கு? எறிஞ்சிருக்கலாமே. நான்தான் மடச்சி, அதுக்கு ஸ்பிறே அடிச்சிப் பழுதாக்கின. அடிக்காட்டி நீங்க கேட்டிருப்பீங்க."

அவர் கொஞ்ச நேரம் கைலேஞ்சியை மடித்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அது ஒரு குறைதான்.

"பக்கத்து றூமுல ஒரு எகிப்துக்காரன் இருந்தான். கசெட், றேடியோ எல்லாம் திருத்துவான். இதக் குடு, கழுவித் துடைச்சிச் சரியாக்கித் தாறன் எண்டு ரெண்டு தரம் கேட்டான்."

"மறுகா?"

"குடுக்கல்ல."

"எப்ப? சைன் வெக்க முந்தியா, பிந்தியா?"

"முந்தி. ஒரு மாசம் முந்தி."

"ஏன் குடுக்கல்ல?"

"அதுல என்ன இரிக்கும் எண்டு எனக்குத் தெரியும் புள்ள. கேட்டா வந்திருப்பன். நான் வந்தா தங்கச்சிர வீடு?"

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இரண்டு வருஷமாக நான் என்னைத் திட்டிய திட்டெல்லாம் என் காதுக்குள் திரும்பக் கேட்டது. கசெட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். மூடி கழன்று நாடா அவிழ்ந்து கட்டிலுக்குக் கீழே போனது. மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

நாலாம் நாள் கோபம் ஆறியது. ஆறிய பிறகு பார்த்தால் உள்ளே ஒரு சந்தோசம் இருந்தது. கேட்டா வந்திருப்பன் என்றாரே. நான் ஒரு சொல் கூப்பிட்டால் வீட்டையும் தங்கச்சியையும் விட்டுவிட்டு வந்திருப்பார். அதற்குப் பயந்துதான் கேட்காமல் இருந்திருக்கிறார். வேறெந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைக்கும்? தேங்காய் துருவும்போதும் கிணற்றடியிலும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் மாதம் கொம்பனியிலிருந்து விசாக் கடிதம் வந்தது. வாசிக்கச் சொல்லி என்னிடம்தான் தந்தார். வாசித்தேன்.

"இளையவள் ஒருத்தி இரிக்காள் புள்ள" என்றார்.

"மூணாவதா நானும் ஒருத்தி இரிக்கன்."

இந்த முறை இடையில் நாடாவும் இல்லை, ஹனீபா காக்காவும் இல்லை. அவருக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தேன். கசெட்டில் சொன்ன அத்தனையையும், அச்சில் போட முடியாததையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னேன். குரல் அன்றைக்கும் நன்றாக இல்லை. அழுதுகொண்டே சொன்னேன். போகாதீங்க என்று முடித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. அவருக்கும் கண் கலங்கியது. சாரன் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"நீ சொல்றது சரிதான் புள்ள" என்றார்.

மூன்றாம் மாதம் போனார்.

கேட்டிருந்தால் வந்திருப்பார் என்று நான் அவ்வளவு காலமும் நம்பிக்கொண்டு இருந்தேனே, போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.